முத்தட்டும் என்று சொன்ன டாக்டர்

எனக்குப் பொறாமை அதிகம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ணில் எனக்கு வந்த வியாதி இன்னொருவருக்கு வரவேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பொறாமையை ஒதுக்கிவிட்டு வியாதியை மட்டும் சொல்லலாம் என்று இரண்டு தடவை முயன்றேன். எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தேன் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு கோழிக் கொட்டகைகள். கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொண்டுவந்து இறக்குவார்கள். நாற்பது நாள் போல நாங்கள் வளர்த்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கு நானும் என் மனைவி சரசுவும்தான். எனக்கு வயது அறுபத்திரண்டு.

பொறாமை யார் மேல் என்றால், சரசுவின் அக்காவைக் கட்டியவர் மேல். என் சகலை வேலுச்சாமி. நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, ஆர்.எஸ்.புரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மாமனார் வீட்டு விருந்தில் அவருக்குத்தான் முதல் இலை. அவரோ எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எல்லாரும் அதற்கும் அவரைத்தான் மெச்சுவார்கள். வீட்டில் மின்விசிறி கெட்டாலும் சரி, நிலத்துப் பட்டாவில் சிக்கல் வந்தாலும் சரி, "மாமாவை ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க" என்பாள் சரசு. மாமா என்றால் சகலைதான். முப்பது வருடமாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் கண்புரை ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்தது. கண்ணுக்குள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிற லென்ஸ் வயதாக ஆகக் கலங்கிப்போவதுதான் புரை. கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் ஒன்றை வைத்துவிட்டால் பார்வை திரும்பிவிடும். சகலை நாள் கடத்தாமல் போய்ச் செய்துகொண்டார். அதற்கடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, "அதா பாருங்க சகல, பல்லடம் பஸ்ஸு வருது" என்றார். எனக்குச் சாலையே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் பேப்பரை எடுத்து அடியில் இருந்த பொடி எழுத்து விளம்பரங்களை எல்லாம் படித்துக் காட்டினார். பார்வை திரும்பிய சந்தோஷத்தில் படிக்கிறார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

அவரே தன் டாக்டரிடம் சொல்லி எனக்கும் நாள் வாங்கினார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்த பெரியவர் அந்த டாக்டர். கொட்டகையில் அன்று புதுக்குஞ்சு இறங்கியதால் சரசு வர முடியவில்லை. நான் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். கிளினிக்கில் பேர் எழுதுகிற பெண் யார் அனுப்பியது என்று கேட்டாள். சகலையின் பேரைச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். சார் நேற்றே போன் செய்தார், உங்களைத்தான் முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார், உட்காருங்கள் என்று தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

எதிர்ச்சாரியில் ஒரு பேக்கரியில் டீ குடித்தேன். தேங்காய் பன் ஒன்று தின்றேன். நகைக்கடைகளையும் பட்டுக்கடைகளையும் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நடந்தேன். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சரசு என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். புரை இன்னும் முத்தவில்லை, முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். முத்தினால்தான் எடுக்க முடியும் என்று எங்கள் பக்கம் இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. அதனால் பொய் சுலபமாக வாயில் வந்தது. அவளும் நம்பினாள். அக்காவிடம் சொன்னாள். சகலையும், டாக்டரே சொன்னால் சரி என்று விட்டுவிட்டார். அந்த வருடமே டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகன் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். நான் அகப்பட்டுக்கொள்ள வழியே இல்லாமல் போயிற்று.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. வலது கண் மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிந்தது. இடது கண்ணிலும் புரைதான், ஆனால் லேசானது. அதை வைத்துக்கொண்டு சமாளித்தேன். கருமணி வெளுத்துப்போனதைப் பார்த்து சரசு பயந்தாள். போகலாம், போகலாம் என்று நச்சரித்தாள். எங்கே போனாலும் சகலையைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்பாள். அந்தப் பேச்சு வந்தாலே நான் கொட்டகைக்குப் போய்விடுவேன்.

இனி நான் செய்த இரண்டாவது தப்பு. கோழி வளர்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

குஞ்சு இறங்கி ஒரு வாரத்துக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட வேண்டும். ஒவ்வொரு குஞ்சாகக் கையில் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விடுவோம். குஞ்சு தலையை உதறினால் மருந்து நம் கண்ணில் தெறிக்கும். தெறித்தால் மறுநாள் கண் சிவந்து நீர் வடியும், உறுத்தும். நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் இது பழக்கம். யாரும் இதற்காக டாக்டரிடம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த முறை மருந்து விட்டபோது என் முகத்திலும் தெறித்தது. மறுநாள் வலது கண் சிவந்தது. மருந்துக் கண்தான் என்று இருந்துவிட்டேன்.

வலி வந்தது. அதுவும் மருந்தால்தான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வலி கண்ணிலிருந்து நெற்றிக்கும், காதுக்கும், அந்தப் பக்கத்துப் பல்லுக்கும் பரவியது. குமட்டி வாந்தி எடுத்தேன். பித்தம் என்று சரசு இஞ்சிச் சாறு கொடுத்தாள். நாலாம் நாள் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நாலு நாள் கணக்கு இன்றோடு முடிகிறது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுத்திருந்தேன். வெளிச்சம் பட்டால் வலித்தது என்று சன்னலில் சாக்கைக் கட்டி வைத்திருந்தோம்.

ஐந்தாம் நாள் காலை சகலை வந்தார். பேரனுக்கு மொட்டை போடுகிற விசேஷத்துக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தவர். சாக்கை விலக்கி என் கண்ணைப் பார்த்தார். அழைக்க வந்ததையே மறந்துவிட்டார்.

"இது மருந்துக் கண்ணு இல்லீங்க சகல. எந்திரிங்க, வண்டில ஏறுங்க" என்றார்.

சரசு மாற்றுத்துணி எடுத்துவைப்பதற்குள் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். கோயமுத்தூர் போகிற வரை ஒரு பாலித்தீன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி வந்தேன். சகலையின் கார் சுத்தமாக இருக்கும். அதை நாசம் செய்கிறோமே என்று ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது. அடுத்த நிமிடம், ஆகட்டுமே என்று இருந்தது. அவ்வளவு வலியிலும் மனிதனுக்கு இப்படிப் புத்தி போகும் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரிய கண் ஆஸ்பத்திரி. பேர் பதிகிற வரிசை, கண்ணாடி பார்க்கிற வரிசை, சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர்களின் வரிசை என்று ஒரே கூட்டம். என்னைப் பார்த்த ஒரு நர்ஸ் பெண் வரிசையிலிருந்து இழுத்து நேராக உள்ளே கொண்டுபோனாள். ஒரு மருந்து விட்டு மரக்க வைத்து, மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, நீலவெளிச்சம் ஒன்றைக் கண்ணுக்கு ஒட்டக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குள் இருக்கிற அழுத்தத்தை அளக்கிற கருவி அது. இருபதுக்குள் இருக்கவேண்டியது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. அளந்த பையன் இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டு எழுந்து ஓடினான்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டும், ஓரத்தில் இருக்கிற சல்லடை போன்ற வழியில் வடிந்துகொண்டும் இருக்குமாம். என் புரை முற்றி, அதற்கு மேலும் முற்றி, உள்ளே கூழாகக் கரைந்து வெளியே கசிந்துவிட்டது. அந்தக் கசிவு சல்லடையை அடைத்துவிட்டது. நீர் ஊறுகிறது, வடிய வழியில்லை. எங்கள் கொட்டகையில் தண்ணீர்க் குழாயின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் பின்னால் குழாய் விம்மி நிற்கும், அதே கதைதான். கண்ணுக்குள் அப்படி ஏறுகிற அழுத்தம், பார்வையை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பை நசுக்கும். இதற்கு கிளாக்கோமா என்று பேர். கண் நீர் அழுத்த நோய் என்றும் சொல்கிறார்கள். புரையால் போன பார்வையைத் திருப்பிவிடலாம், நரம்பு செத்துப் போனது திரும்பாது என்றார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். ஐந்து நாள் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. இவ்வளவு முற்றுகிற வரை ஏன் விட்டீர்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு பதில் சொல்லிவிட்டாள். ரெண்டு வருடத்துக்கு முன்னால் காட்டினோம், முத்தட்டும் என்று ஒரு டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார் என்றாள். டாக்டரம்மா நம்பவில்லை. இந்தக் காலத்தில் எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார்களே என்றார்.

"சொன்னாருங்க மேடம்" என்றார் சகலை. "அவருகிட்ட இவரை அனுப்பி வெச்சதே நாந்தானுங்க."

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். வலி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பேசுகிற தெம்பு இருந்தது. பேசவில்லை.

வெளியே வராந்தாவில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்க நின்றார்கள். சரசு தன் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியவளில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானுங்க மாமா இந்த மனுசன் கண்ணு போச்சு."

சகலை தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் அம்மணி என்று மட்டும் சொன்னார். என் வலது கண் குடைந்துகொண்டிருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் தேன் வார்த்ததுபோல இருந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் கீழே இருந்தார், நான் மேலே இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

அழுத்தத்தை இறக்காமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று படுக்கையில் சேர்த்தார்கள். கையில் ஊசி குத்தி ஒரு மருந்தை பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். உடம்பிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றுகிற மருந்து. கால் மணிக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க ஓடவேண்டும். ஒரு கையில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை கூட வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள். மில்லில் நூறு பேரை வேலை வாங்கிய மேனேஜர்தான். சரசு அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாள். போகவில்லை. மாத்திரை ஒன்று கொடுத்தார்கள், அதில் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எந்தச் சொட்டு எத்தனை மணிக்கு என்று சகலை ஒரு அட்டையில் கட்டம் போட்டு, விட்டதற்கெல்லாம் டிக் அடித்து, தலைமாட்டில் மாட்டினார். கட்டம்கூட நேராக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் சோமனூர்க்காரர் ஒருவர். ரங்கநாதன் என்று பேர். எட்டுத் தறி ஓட்டுகிறவர். என்னைப் போலவே முற்றிய புரை, என்னைப் போலவே கசிவு, என்னைப் போலவே ஐம்பதுக்கு மேல் அழுத்தம். நல்ல தமாஷ் பேர்வழி. தறிச் சத்தத்தில் காதும் போச்சு, இப்போது கண்ணும் போனால் பெண்டாட்டி திட்டுவது கேட்காது, முகத்தைக் கோணுவதும் தெரியாது என்று சிரிப்பார். ஒரே வியாதிக்காரர் என்பதால் ஒட்டிக்கொண்டோம். ஒரே ஒரு வித்தியாசம். அவருக்கு வலி வந்த மறுநாளே மனைவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஐந்து நாள்.

அழுத்தம் இறங்க இறங்க வலியும் இறங்கியது. கண்ணின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லாதபடி புரை மறைத்ததால், மூடிய இமையின் மேல் குளிர்ச்சியான களிம்பைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். டார்ச் வெளிச்சத்தை மேலிருந்து, கீழிருந்து, பக்கங்களிலிருந்து அடித்து எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மேலே அடித்ததற்குக் கையை நீட்ட முடிந்தது. மூக்குப் பக்கம் அடித்தபோது அடித்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை. சும்மா ஒரு பக்கம் கையைக் காட்டினேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ரங்கநாதன் நாலு பக்கமும் சரியாகச் சொன்னதாகச் சொன்னார். அப்போதே எனக்குள் ஒன்று குறுகுறுக்க ஆரம்பித்தது.

சர்க்கரை பார்த்தார்கள், இதயத்துக்கு வரைபடம் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துக் கேட்டார்கள். கண் தெளியலாம், தெளியாமலும் போகலாம், நரம்பு எவ்வளவு மிச்சம் என்பது புரையை எடுத்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். சரசு கையெழுத்துப் போட்டாள். சகலை பேனாவை வாங்கித் தன் பேரைச் சாட்சியாகப் போட்டார். பில்லைத் தானே கட்டுவதாக நின்றார். என் மகள் பெங்களூரிலிருந்து பணம் அனுப்பிவிட்டாள் என்று சொல்லித் தடுத்தேன். குற்றவாளி அபராதம் கட்டுவதுபோல் அவர் முகம் இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. தேன் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்க ஆரம்பித்திருந்தது.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி, அது மட்டும் சுருக்கென்று இருக்கும். பிறகு முகம் மரத்துவிடும். தலைக்கு மேல் பெரிய வெளிச்சம், நீர் வழிகிற உணர்வு, டாக்டரம்மா நர்ஸிடம் மெதுவாகப் பேசுகிற குரல். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அடுத்து ரங்கநாதன் போனார். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கட்டுப்போட்டுக்கொண்டு அடுத்தடுத்துப் படுத்திருந்தோம். சரசு எனக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை. சகலையிடம் அவள் இன்னும் முகம் கொடுக்கவில்லை. அவர் வாங்கி வந்த இட்லிதான் அது.

மறுநாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். முதலில் ரங்கநாதன்.

பஞ்சால் துடைத்துவிட்டு எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். பெரிய எழுத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சாவது வரியில்தான் தடுமாறினார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் தோளைத் தட்டி, "அடுத்து நீங்கதானுங்க, பயப்படாதீங்க" என்றார் ரங்கநாதன்.

எனக்கு அவிழ்த்தார்கள். வெளிச்சம் வந்து விழுந்தது. சன்னல் தெரிந்தது. டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. எத்தனை விரல் என்று கேட்டார், சொன்னேன். ஆனால் எதைப் பார்த்தாலும் மூக்குப் பக்கம் பாதி இல்லை. இருட்டாகக்கூட இல்லை, வெறுமனே இல்லை. பலகையில் மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடிப் படித்தேன். அடுத்த வரி கலங்கலாகவே நின்றது. டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பின்பக்கம் பார்த்தார். நரம்பு வெளுத்திருக்கிறது என்றார். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், சொட்டு மருந்தை ஆயுசுக்கும் விடவேண்டியிருக்கலாம், இடது கண்ணை இப்படி விடாதீர்கள், இரண்டு மாதத்தில் எடுத்துவிடலாம் என்றார்.

ரங்கநாதன் தன் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து எனக்கு நீட்டினார். அந்த ஆரஞ்சை அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. ஒரே வியாதி, ஒரே டாக்டர், ஒரே கத்தி. அவருக்கு நாலு வரி, எனக்கு ஒரு எழுத்து. எனக்கு வலிக்கவில்லை, பயமில்லை, பொறாமைதான் உடம்பு முழுக்க நிறைந்திருந்தது. அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது போன் நம்பர் கொடுத்தார். அதில் நான் இன்று வரை கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தோம். கொட்டகையைப் பக்கத்துப் பண்ணைக்காரரும் சரசுவும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நாளுக்கு நாலு தரம் சொட்டு மருந்து விடுவதும், தூசு படாமல் கண்ணுக்கு மூடி போட்டுக்கொள்வதும்தான் வேலை. மூடி மறைத்த வலப்பக்கத்தில் இருந்த கண்ணாடி தம்ளரை நாலு தடவை தட்டிவிட்டு உடைத்தேன். சரசு ஒன்றும் சொல்லாமல் கூட்டி அள்ளினாள். சொன்னதெல்லாம் சகலையைத்தான். அந்த மனிதர் அன்றைக்கு அந்த டாக்டரிடம் அனுப்பாமல் இருந்திருந்தால் என்று அக்காவிடம் போனில் சண்டைக்கே போய்விட்டாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வது நின்றது.

பத்து நாள் கழித்து சகலை வந்தார். இளைத்திருந்தார். சரசு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் இருவரும் கொட்டகைப் பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வெளியூர் போன அந்த டாக்டரின் நம்பரை அலைந்து திரிந்து வாங்கிவிட்டாராம்.

"இப்பவே கூப்பிட்டுக் கேட்டுப்போடலாமுங்க. எப்படி ஒரு மனுசனை அப்படித் திருப்பி அனுப்புனாருன்னு கேக்காம எனக்கு மனசு ஆறலை" என்றார்.

சரசுவையும் கூப்பிடலாம், அவளும் காதால் கேட்கட்டும் என்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"கூப்பிடாதீங்க. நான் அன்னைக்கு உள்ளயே போகலீங்க."

அவருக்குப் புரியவில்லை. முழுசாகச் சொன்னேன். வாசலோடு திரும்பியதை, பேக்கரி டீயை, பன்னை, வீட்டில் வந்து சொன்ன பொய்யை. ஏன் என்று கேட்டார். மழுப்ப முடியவில்லை.

"உங்க பேரைச் சொன்னதும் அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னுச்சுங்க. எனக்குப் பொறுக்கலை."

கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் போனைப் பைக்குள் போட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, அப்படியானால் நான் அனுப்பிய இடம் தப்பில்லைதானே என்று கேட்டார். இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார். நான் கூட வந்திருக்க வேண்டும், தனியாக அனுப்பியது என் தப்பு என்றார். அதிலும் ஒரு தப்பைத் தனக்கு எடுத்துக்கொண்டார் பாருங்கள்.

வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரசுக்கு இது தெரிய வேண்டாமுங்க சகல. கண்ணு இந்த நெலமைல இருக்கறப்ப ஊட்டுக்குள்ள சண்டை வேண்டாம். பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் மனதாரச் சொன்னார். அதில் நடிப்பு இல்லை. சரி என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் பெண்டாட்டிக்கு முன்னால் நான் பாவப்பட்டவனாகவும் அவர் பாவியாகவும் கடைசி வரை இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் என் பொய்யைச் சுமந்துகொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், அமைதியாக, பெரிய மனிதராக. முதல் இலை அவருக்குப் போகட்டும். பஸ் போர்டைப் படிக்கட்டும். இந்தப் பெருமையையும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரசுவைக் கூப்பிட்டேன்.

சொட்டு மருந்து நேரம் என்று அவள் மருந்துப் புட்டியோடு வந்தாள். சகலை வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். நான் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டாள். கன்னத்தில் வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். புட்டியின் மூடியைத் திருகி மூடினாள்.

"அடுத்த கண்ணுக்கு டாக்டர் ரூம்புக்குள்ள நானும் வருவேனுங்க" என்றாள். அக்காவைக் கூப்பிடவேண்டும் என்று சகலையிடம் அவர் போனை வாங்கிக்கொண்டு போனாள்.